கடல் கடந்தவர்களின் காகிதங்கள்

தமிழ்க் குடும்பங்களில் முன்னோர் பெயர் மூன்று தலைமுறைக்கு மேல் நிற்பது அபூர்வம். தர்ப்பணம் கொடுக்கிற வீடுகளில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று பேர் பெயரைச் சொல்லியாக வேண்டும். அதனால் அந்தப் பெயர்கள் பிழைத்துக்கொள்கின்றன. மற்ற வீடுகளில் தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ மொரீஷியஸின் போர்ட் லூயிஸிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், 1870களில் கப்பல் ஏறிய தன் முன்னோரின் பெயர், அவருடைய தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா, உடம்பிலிருந்த தழும்பு வரை எடுத்துக்காட்ட முடிகிறது. அதே ஊரில் தங்கிவிட்ட அவருடைய அண்ணனைப் பற்றி இங்கே பெரும்பாலும் ஒரு வரி கிடையாது.

ஊரை விட்டுப் போனவருக்குக் காகிதம் இருக்கிறது, இருந்தவருக்கு இல்லை. முன்னோரைத் தேடுவது பற்றிய பேச்சை இந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். பழைய ஆவணம் எதுவும் பின்னால் வரும் பேரன் பேத்திகளுக்காக எழுதப்பட்டதில்லை. யாருக்கோ அன்றைக்கு ஒரு தேவை இருந்தது. வரி வாங்க, வேலை வாங்க, ஓடிப்போனால் பிடிக்க. அந்தத் தேவை யாருடையது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கும், யார் பெயர் இருக்காது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தபோது கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. மொரீஷியஸுக்கு 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நான்கரை லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சென்னை மாகாணத்தவர். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை அங்கே போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஃபிஜிக்கு 1879இல் கல்கத்தாவிலிருந்தும் 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. எல்லா இடத்திலும் ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்தாண்டு. எந்த ஆள் எந்தத் தோட்டத்துக்கு எத்தனை நாள் கட்டுப்பட்டவர் என்பதை அரசு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டியிருந்தது. கூட்டமாக ஓட்டிச் செல்லப்பட்ட மனிதர்களுக்கு ஆளுக்கொரு வரி கிடைத்தது இப்படித்தான்.

ஃபிஜிக்குப் போனவர்களின் குடியேற்றச் சீட்டு ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். ஒரே தாள், அச்சடித்த படிவம். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று எனத் தனித்தனிப் படிவங்கள் இருந்தன. மேலே டிப்போ எண், கப்பல் பெயர், தேதி. அதன் கீழே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி. அடுத்து, நெருங்கிய உறவினர் யார், மணமானவர் என்றால் துணையின் பெயர் என்ன என்று கேட்கிறது. பிறகு மாவட்டம், தாலுகா, கிராமம். அப்புறம் உயரம், அடி அங்குலக் கணக்கில். கடைசியாக அங்க அடையாளம்: முழங்காலில் வெட்டுத் தழும்பு, முகத்தில் அம்மைத் தழும்பு, தோளில் மச்சம். அடியில் மருத்துவரும் குடியேற்ற முகவரும் காப்பாளர் எனப்பட்ட அதிகாரியும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இந்த ஆள் நோயில்லாதவர், அம்மை குத்தப்பட்டவர், ஒப்பந்த விவரமெல்லாம் இவருக்கு எடுத்துச் சொல்லப்பட்டது என்று அந்தக் கையெழுத்துகள் சாட்சி சொல்கின்றன. உண்மையில் எவ்வளவு சொன்னார்கள், எழுத்தறியாத அந்த மனிதர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்பது அந்தத் தாளில் இல்லை.

தழும்பை எழுதியது தப்பி ஓடுகிறவரை அடையாளம் காண. நெருங்கிய உறவினர் பெயரை எழுதியது செத்துப்போனால் கணக்குத் தீர்க்க. ஆனால் இன்று அந்தக் குடும்பத்தின் பிள்ளை இதைப் பார்க்கும்போது, ஐந்தடி இரண்டு அங்குலம் என்ற வரியில் நிற்கிறான். வேறு எந்த வழியிலும் கிடைக்காத தகவல் அது. பெயரை ஊரில் யாராவது நினைவில் வைத்திருக்கக்கூடும். உயரத்தை யார் வைத்திருப்பார்?

நேட்டாலில் தேடுவதற்கு எண்தான் திறவுகோல். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். தோட்டம் மாறினாலும், ஒப்பந்தம் முடிந்தாலும், கல்யாணம் பதிந்தாலும், செத்தாலும் அந்த எண் கூடவே வந்தது. 1895இல் வந்த சட்டப்படி ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் இருந்தவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். பதினாறு வயதான பையனுக்கும் பதின்மூன்று வயதான பெண்ணுக்கும்கூட அந்த வரி உண்டு. காந்தியின் போராட்டத்துக்குப் பிறகு 1914இல்தான் அது நீக்கப்பட்டது. குடும்பங்களை நசுக்கிய வரி அது. அந்த வரிக்காகவும் ஒவ்வொரு தலையையும் கணக்கில் வைத்தார்கள். ஆகவே டர்பன் பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய இறப்புச் சான்றையோ திருமணச் சான்றையோ முதலில் தேடுகின்றன. அதில் எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கப்பல் பட்டியல்களை வரலாற்றாய்வாளர்கள் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். எண்ணை வைத்துக் கப்பலையும், கப்பலை வைத்துக் கூட வந்த சொந்தக்காரர்களையும் பிடிக்கலாம். அடுத்தடுத்த எண்ணில் நிற்பவர்கள் பல நேரம் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே குடும்பம்.

மொரீஷியஸில் ஒரு படி மேலே போய் முகமே கிடைக்கிறது. 1860களின் சட்டம் ஒன்று ஒப்பந்தம் முடிந்த கூலிகள் புகைப்படம் ஒட்டிய சீட்டை வைத்திருக்க வேண்டும் என்றது. வழியில் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் சிறை. அந்தப் படங்கள் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களோடு இருக்கின்றன. 2015இல் யுனெஸ்கோ இந்த ஆவணத் தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தக் கூலிகள் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இலேயே உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. அந்தக் காலத்தில் நம் ஊரில் புகைப்படம் எடுத்துக்கொண்டவர்கள் ஜமீன்தார்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும்தான். செங்கல்பட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போன விவசாயக் கூலிகளின் முகம் நமக்குப் பார்க்கக் கிடைப்பது, அவர்களைக் கண்காணித்த சட்டத்தின் வழியாகத்தான்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் ஊர் நிலப் பதிவேடுகளில் பெண் பெயர் அரிதாகவே வரும். வந்தாலும் இன்னாரின் விதவை என்று வரும். வம்சாவளி சொல்லும்போதும் ஆண்கள் பெயர்தான் இறங்கிவரும். கப்பல் பட்டியலில் அப்படியில்லை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று விதி இருந்ததால் பெண்களைத் தனித்தனியே எண்ண வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் சொந்த எண், சொந்தப் பெயர், தன் தகப்பன் பெயர், தன் ஊர். கணவரோடு போனவர்கள் உண்டு. தனியாகப் போனவர்களும் நிறைய. பஞ்சத்தில் எல்லாரையும் இழந்தவர்கள், கைம்பெண்கள், வீட்டை விட்டு வெளியேறியவர்கள். கயானா வம்சாவளியில் வந்த எழுத்தாளர் கையூத்ரா பகதூர், 1903இல் கல்கத்தாவிலிருந்து கர்ப்பிணியாகத் தனியே கப்பல் ஏறிய தன் கொள்ளுப்பாட்டியின் சீட்டிலிருந்து தொடங்கி ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கொள்ளுப்பாட்டி பீகார்க்காரர். தமிழ்ப் பெண்களுக்கு அப்படி ஒரு முழு நூல் எழுதத் தேவையான தாள்கள் டர்பனிலும் ஃபிஜியின் சுவாவிலும் மோகாவிலும் கிடக்கின்றன. ஃபிஜி சீட்டுகளில் 45,000க்கும் மேற்பட்டவற்றை வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது வட இந்தியர்களின் சீட்டுகளை. அதே உழைப்பு சென்னைக் கப்பல்களுக்கும் செலவழிக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் கதை வேறு மாதிரி. ரீயூனியன் தீவுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் போனார்கள். பிரெஞ்சு நிர்வாகத்துக்குப் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் நகராட்சியில் பதிவுசெய்யும் பழக்கம் உண்டு; அதனால் புதுச்சேரிக் குடும்பங்கள் சிலவற்றுக்கு நம் மற்ற ஊர்களில் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குப் பதிவு இருக்கிறது. 1881இல் வந்த ஆணைப்படி, தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருகிறது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் பெயரை மாற்றிக்கொண்டே போகும் நமக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெயர்தான் நம் தேடலில் பெரிய முட்டுக்கட்டை. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும்; அண்ணன் தம்பி இருவரும் தங்கள் மூத்த மகனுக்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். இது போதாதென்று ஆங்கிலேய எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி மூன்சாமி ஆனார், முத்துசாமி மொரீஷியஸில் பிரெஞ்சு உச்சரிப்போடு மூட்டூசாமி ஆனார். தகப்பன் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்ட வீடுகளும் உண்டு. ஆகவே வீராசாமி என்பது அங்கே ஒரு வம்சத்தின் பெயர். இங்கே அது ஒரு காலத்தில் வாழ்ந்த ஒரு மனிதரின் பெயர். கவுண்டர் கோவெண்டர் ஆனதும், முதலி மூட்லி ஆனதும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் நம்பிச் சாதியையோ ஊரையோ முடிவு செய்யக் கூடாது. கப்பல் ஏறியபோது இல்லாத பட்டம் கரை இறங்கியபின் சேர்ந்துகொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. அப்படிச் சேர்த்துக்கொண்டதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஊர் கொடுத்த பெயரை இறக்கிவைக்கக் கடல் ஒரு வாய்ப்பைக் கொடுத்தது.

ஒப்பந்தத்தில் போகாமல் கங்காணியின் பின்னால் போனவர்களுக்கு நிலைமை கடினம். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தமோ குடியேற்றச் சீட்டோ கிடையாது. கங்காணி ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். கடன் கங்காணியின் கணக்கில் இருந்தது. அரசுக்குத் தலைக்கணக்கு போதுமாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். தகரத்தில் தோட்டம் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. பெயர் தோட்டத்துச் செக்றோல் எனப்பட்ட ஆள் பதிவேட்டில் ஏறியது. செக்றோல்கள் தோட்டக் கம்பெனிகளின் சொத்து. எத்தனையோ தோட்டங்கள் கை மாறின, ஏடுகள் போயின.

பிறகு 1948இல் அந்த மக்களிடமே முன்னோரின் சான்றைக் கேட்டார்கள். இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தீவில் பிறந்த ஒருவரும் தன் தகப்பன் அங்கே பிறந்தவர் என்றோ, தகப்பன்வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபித்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை உண்டு என்றது. பெயரில்லாத் தகரத் துண்டோடு வந்தவர்களின் பிள்ளைகள் மூன்று தலைமுறைப் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்கள்? ஊருக்கு வந்துபோகும் வழக்கத்தால் சிலருடைய தகப்பன்கள் இந்தியாவிலேயே பிறந்திருந்தார்கள். 1949இல் வந்த மற்றொரு சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8,25,000 பேர் விண்ணப்பித்ததில் குடியுரிமை கிடைத்தது 1,34,000 பேருக்குத்தான். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. நீலகிரியில் கூடலூரிலும் மற்ற இடங்களிலும் இன்று இருக்கும் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் அப்படி வந்தவை. முன்னோரைத் தேடுவதை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு இலங்கையின் மலையகம்தான் நினைவுக்கு வரும். தாத்தா எங்கே பிறந்தார் என்பதற்கு ஒரு தாள் இல்லாததால் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களாக நின்றார்கள்.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு மொரீஷியஸ் போயிருந்தபோது, அங்குள்ள இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறை வரை வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார். அதற்கும் கப்பலில் வந்த முன்னோரின் பதிவு வேண்டும். கூலியைப் பிடிக்க எழுதிய தாள் அவருடைய வாரிசுக்கு இப்போது உரிமைச் சான்று.

தாளில் ஊர் பெயர் கிடைத்தபின்தான் இந்தப் பக்கத்து வேலை தொடங்குகிறது. முதல் சிக்கல் மாவட்டம். நேட்டால் பட்டியல்களில் மிகுதியாக வருவது வட ஆற்காடு. 1911க்கு முந்தைய வட ஆற்காடு என்றால் சித்தூர், பலமநேர், சந்திரகிரி தாலுகாக்களும் அதில் அடக்கம். அவை இன்று ஆந்திரத்தில் இருக்கின்றன. திருத்தணி சித்தூரோடு போய் 1960இல் திரும்பி வந்தது. எஞ்சிய வட ஆற்காடு 1989இல் இரண்டாகி, அதில் வேலூர் 2019இல் மறுபடி மூன்றானது. தென் ஆற்காடு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பிரிந்தது. ஆகவே மாவட்டப் பெயரை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடிக்க வேண்டும். வந்தவாசி, போளூர், குடியாத்தம், ஆரணி, திண்டிவனம் போன்ற தாலுகாப் பெயர்களை எழுத்தர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி எழுதினார்கள், அலுவலகத்தில் தினமும் புழங்கிய பெயர்கள் என்பதால். கிராமப் பெயர்தான் சிதைந்திருக்கும். புதூர், குப்பம், பாளையம் என்று முடிந்தால் ஒரே தாலுகாவில் நாலைந்து இருக்கும். பட்டியலை ஆங்கிலத்தில் மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், எழுத்தர் காதில் விழுந்த தமிழ்ப்பெயர் பல நேரம் திரும்பக் கேட்கும்.

ஊரைக் கண்டுபிடித்தாகிவிட்டது, அங்கே என்ன இருக்கிறது? நிலம் இருந்தவர்களுக்கு நிறைய. இனாம் கமிஷன் 1858 முதல் மானிய நிலங்களை விசாரித்து எழுதிய பதிவேடுகள், சர்வே செட்டில்மென்ட் ஏடுகள், அடங்கல், பத்திரப் பதிவு அலுவலகத்து வில்லங்கம். சென்னை எழும்பூரில் 1909இல் கட்டிய செங்கல் கட்டடத்தில் இயங்கும் ஆவணக் காப்பகத்தில் பெரிய தொகுப்பே இருக்கிறது. நகரத்தார் இன்னும் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுடைய ஒன்பது கோயில்களிலிருந்து கல்யாணத்துக்கு மாலை வரும். மணமானவரைப் புள்ளியாகக் கணக்கில் சேர்த்து வரி வாங்குவார்கள். அந்தக் கோயில் கணக்கே வம்சாவளிதான். கிறிஸ்தவர்களுக்குத் தேவாலய ஏடுகள் உண்டு. மதபோதகர் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய தரங்கம்பாடியில் அடுத்த ஆண்டே தமிழர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். சென்னைக் கோட்டையிலுள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் 1680 முதல் பதிவேடு இருக்கிறது. எலிஹு யேலின் கல்யாணமும் ராபர்ட் கிளைவின் கல்யாணமும் அதில் இருக்கின்றன. சாதாரண வெள்ளைச் சிப்பாய்கூட இப்படி மாதாகோயில் ஏடுகளில் பிறந்து, மணந்து, செத்திருக்கிறான். அவனுக்குப் பல்லக்குத் தூக்கியவர்களின் பெயருக்கு அங்கே இடமில்லை.

நிலமும் இல்லை, மாதாகோயிலும் இல்லை என்றால் மிஞ்சுவது கிராமப் பிறப்பு இறப்புக் கணக்கு. 1899ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கிராம முன்சீப்புகள் இதை எழுதினார்கள். பல பக்கங்களில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, ஆண், பெண் என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரையும் தேதியையும் வைத்து ஊகிக்க வேண்டும். 1980இல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது எவ்வளவு ஏடு கை மாறியது, எவ்வளவு வீட்டுப் பரணில் தங்கியது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். முன்னாள் கர்ணத்தின் வீட்டாரை ஒருமுறை போய்ப் பார்ப்பது எப்போதும் நல்லது. காகிதம் கைவிட்ட இடத்தில் குலதெய்வம் உதவும். எந்தச் சாமிக்கு முதல் மொட்டை அடிக்கிறார்கள் என்பது தெரிந்தால் பங்காளிகள் கூடும் இடம் தெரியும். தெற்கத்திச் சீமையில் சிவராத்திரிக்கு அங்கே போய் நின்றால் கிளைகள் ஒரே நாளில் வந்து சேரும். டர்பனில் ஊர்ப் பெயரை மறந்துவிட்டு, சாமி பெயரை மட்டும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது சின்னத் துப்பு இல்லை.

தேடி வருகிறவர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பட்டியலில் சாதி என்று ஒரு பத்தி இருக்கிறது. பழைய நேட்டால் கப்பல்களில் தமிழர் என்றால் மலபார், தெலுங்கர் என்றால் ஜென்டு என்று எழுதிவிட்டு எழுத்தர் நகர்ந்திருக்கிறார். பிற்காலத்தில் நுணுக்கமாக எழுதினார்கள். அங்கே பல தலைமுறையாகச் சாதி தெரியாமல் வளர்ந்தவர்கள் இங்கே ஊருக்குள் காலை வைத்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி, எந்தத் தெரு என்பது. முன்னோர் சேரியிலிருந்து போனவர் என்றால், ஊர்த்தெருவில் விசாரித்தால் அப்படி யாரும் இங்கே இருந்ததில்லை என்று பதில் வரலாம். பொய் சொல்கிறார்கள் என்றில்லை. அவர்கள் வீட்டு நினைவில் அந்தப் பெயர் இருந்ததே இல்லை. நேராகச் சேரிக்குப் போய்க் கேட்க வேண்டும். கப்பலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிய பேச்சு அங்கேதான் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கப்பலுக்கும் முன்னால், 1843இல் இந்தியாவில் அடிமை முறைக்கு எதிரான சட்டம் வருவதற்கும் முன்னால், இந்த மக்களின் பெயர் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆள் விற்ற ஓலைகள் தமிழகத்தில் பல கிடைத்திருக்கின்றன, ஆ. சிவசுப்பிரமணியன் தமிழகத்து அடிமை முறை பற்றிய தன் நூலில் இவற்றைப் பேசியிருக்கிறார். விற்றவர் யார், வாங்கியவர் யார், என்ன விலை என்பதோடு விற்கப்பட்டவரின் பெயரும் அவற்றில் வரும். நிலமில்லாத ஒரு குடும்பத்தின் கொடிவழியை 1860க்கு மேலே கொண்டுபோக முடிந்தால், போய்ச் சேரும் ஆவணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.